நீங்கள் அவளைத் தூக்காமல் போன காலை

இஞ்சாருங்கோ,

இருந்த காலத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருடம். சாமினிக்கு ஒன்பது வயது.

பிறவியிலேயே கண் தெரியாத பிள்ளையை நீங்கள் நிலத்தில் விட்டதே இல்லை. தொண்ணூறில் ஊரில் ஷெல்லடிக்குள் கைக்குழந்தையாக அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய மனுசனுக்கு லண்டன் ரோட்டில் இறக்கிவிட மனம் வருமா? டூட்டிங் கடைக்கும் தோளில்தான், கோயிலுக்கும் தோளில்தான். சனம் பார்த்து என்ன பாசம் என்று சொல்லும். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

டூட்டிங்குக்குப் பக்கத்து மிச்சம் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணை நினைவிருக்கிறதா? கண் தெரியாத பிள்ளைக்குச் சமநிலை பாதத்தில் இருந்துதான் வரவேண்டும் என்றாள். தரையில் ஒட்டிய கயிற்றின்மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும், மெத்தையில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். விழுந்தால் விழட்டும், தூக்காதீர்கள் என்றாள். இரண்டாம் கிழமையே, பிள்ளை தள்ளாடியதும் நீங்கள் பாய்ந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். பிறகு நாங்கள் போகவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை.

ஏழு வயதில், படி ஏறத் தெரியவில்லை, விளையாட்டில் நிற்க முடியவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் காலை குசினிக்குள் வைத்து, அவளுக்குக் கேட்காமல், எல்லாவற்றையும் உங்கள் தலையில் கொட்டினேன்.

"உங்கட பாசம்தான் பிள்ளையை முடமாக்கினது. இனி அவளைத் தூக்காதேங்கோ."

வாசலில் அவள் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் தலையைத் தடவிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள். மத்தியானம் பெற்றோல் ஸ்டேசனில் இருந்து போன் வந்தது. ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

இந்த வருடம் திரும்பவும் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். அதே பெண்தான். மாதக்கணக்கில் சாமினி என் விரலை விடவில்லை. நான் விரலை உருவினால் அப்படியே நிலத்தில் இருந்துவிடுவாள். போன மாதம் பஸ்ஸில் வைத்து, ஏன் குஞ்சு விடமாட்டாய் என்று கேட்டேன்.

"அப்பாக்கு என்னில கோவம். அதுதான் தூக்காமல் போனவர். கையை விட்டா நீங்களும் போயிடுவீங்கள்."

இரண்டு வருடமாகப் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தாள்? அப்பாவுக்குக் கோபமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கவேண்டாம் என்றது நான்தான், என்ன வார்த்தையால் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, அப்பா உங்களோடையோ கோவிச்சுக்கொண்டு போனவர் என்று கேட்டாள். அதை நீங்கள்தானே சொல்லவேண்டும்?

அன்று மண்டபத்தில் என் விரலை அவளே விட்டாள். இரண்டு தரம் விழுந்தாள், எழும்பினாள், கயிற்றின் கடைசிவரை தனியே நடந்தாள். அந்தப் பெண் கை தட்டினாள். நான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு சாமினி என் கையைத் தொடவில்லை. ரோட்டில் தடியோடு போகிறாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறாள். நன்றாகத்தான் நடக்கிறாள், நீங்கள் பார்க்கவேண்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கமாட்டேன். அவளாகக் கையை நீட்டும்வரை ஓரடி பின்னால் நடப்பேன். நீட்டாவிட்டாலும் நடப்பேன்.

உங்கட மனிசி,
சாமினியின் அம்மா