மாம்பழத்தை அறுத்தவளை அனுப்ப இயலாமை குறித்து

மலைமழை குறையாதிருக்க, அருவி அடங்காதிருக்க, முகிற்கூட்டமெல்லாம் அரண்மனை முற்றத்தில் இறங்கி இளைப்பாறிப் போகும் முகிலடி நாட்டின் பேரரசியாரும், பெருஞ்சோலைகளுக்கெல்லாம் உரியவரும், எம் கொழுநர்க்குத் தங்கையாய்ப் பிறந்து எமக்கு நாத்தனாராய் வாய்த்தவருமாகிய கார்குழற்கோதைத் தேவியார் திருமுன்பு, கடலும் உப்பும் காவலாகக் கொண்ட வெண்கழி நாட்டுப் பெருந்தேவி நித்திலவல்லி விடுக்கும் மறுமொழி ஓலை. தம் குடைநிழல் குளிர்க. தம் யானைகள் நலமே நீராடுக. தம் முழங்கால் வலி செங்கோலுக்கு இடையூறு செய்யாதொழிக.

தம் ஓலை கண்டோம். எம் பிறந்தநாளாகிய நாண்மங்கலத்துக்கென்று தாங்கள் விடுத்த, பருவத்தின் முதல் மாங்கனிகளாகிய தலைக்கனிகளுள் ஒன்றை அறுத்துத் தின்ற குவளையாள் என்னும் பெண்ணைத் தலை மழித்துப் படகேற்றி அனுப்புக என்றும், அனுப்பாவிடில் காய்கனிப் படகு ஒன்றும் இனி ஆற்றில் இறங்காது என்றும் எழுதியிருந்தீர். அவையில் அதைப் படித்தபோது அமைச்சர் அனைவரும் தத்தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டனர். எம் மண்ணில் தென்னையும் சிறிது நெல்லுமன்றி வேறொன்றும் விளையாது என்பதைத் தாங்கள் நன்கறிவீர். அறிந்துதான் எழுதினீர்.

ஆயினும் கனிகளோடு வந்த தம் தூதர் கண்டது தெருமுனையில் நின்று. யாம் காண்பது மேன்மாடச் சாளரத்திலிருந்து. முரசுத்தெருவுக்கும் எமக்கும் இடையே ஒற்றை மதில்தான். எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் காற்றுவாக்கில் எம்மை வந்தடையும். சில வேளை காற்று சோம்பினால் பணிப்பெண்ணை அனுப்புவோம். ஆகவே நடந்ததை நடந்தவாறே கேட்டருள்க. அவரவர் பேச்சை அவரவர் வாய்மொழியாகவே எழுதச் சொல்லியிருக்கிறோம். செந்தமிழாக்கினால் சுவை போய்விடும்.

குவளையாள் எம் முரசுக் காவலன் கொற்றனின் மனைவி. அரண்மனைப் படி நெல்லாக அளக்கப்படுவதால் அவள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. சோற்றுக்குத் துணைதான் இல்லை. விடியலில் உப்பங்கழி முழுவதும் பனி மூடிக் கிடக்க, தம் நாட்டுப் படகுகள் அப்பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் வெளிப்படும். முதலில் பூசணி தெரியும், பிறகு கீரைக்கட்டின் பசுமை, அதன் பிறகே படகோட்டியின் தலை. குவளையாள் முறத்தில் நெல்லோடு அங்கே நிற்பாள். கனவில் நிற்பவள் போலத்தான் நிற்பாள். நெல்லைக் கொட்டும் நேரத்தில் கனவு கலையும். பெரிய வீட்டார் தட்டுக்கென்று வழுவழுப்பான கத்தரியையும் நேரான வெள்ளரியையும் போட்டி போட்டு வாங்கி விலையை ஏற்றிவிட, கோணல் வெள்ளரியும் முற்றிய வெண்டையும்கூட அதைப் பார்த்துத் தாமும் விலையில் நிமிர்ந்துகொள்ளும். அவள் முறத்து நெல்லுக்குத் தட்டுக்கு வாங்கலாம், அல்லது சட்டிக்கு வாங்கலாம். இரண்டுக்கும் வாங்க இயலாது. எப்போதும் தட்டுக்கே வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

தட்டுமுறையைத் தமக்கு யாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயினும் ஓலையில் எழுதிப் பார்க்கும்போதுதான் அதன் அழகு விளங்குகிறது. ஒரு வீட்டுக்குச் செல்வோர் காய்கனித் தட்டோடு செல்லவேண்டும். வாங்கியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அறுக்கலாகாது. அறுத்தால், தேடிச் செல்ல ஒரு வீடும் இல்லாத தரித்திரம் என்று பொருள். ஆகவே அத்தட்டு அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் ஊர்வலம் போய், கனிந்து குழைந்தபின், விளக்கேற்றிக் கழியில் மிதக்கவிடப்படும். அந்திப் பனியில் அக்கனிகள் சுடரோடு கடல்நோக்கி மிதந்து போவதைக் கண்டால் கண் நிறையும். கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கு வாயும் நிறைந்து ஊறும்.

குவளையாள் வீட்டில் வேறொரு முறையும் உண்டு. சோறு பிசையும்போது அவள் மகள் சிட்டு தொடங்குவாள்.

"அம்மா, நேத்து அவரைக்காய் வெச்ச. இன்னிக்குப் பூசணிக் கூட்டு வையி."

"வெச்சாச்சு. தேங்காய் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பாத்துத் தின்னு."

"அப்பாவுக்குப் பாகற்காய்."

"ஏண்டீ, கனவுலகூட எனக்குப் பாகற்காய்தானா?" என்பான் கொற்றன்.

இலையில் இருப்பது கருவாடும் புளித்தண்ணீரும். மதிலுக்கு இப்பால் இதைக் கேட்டு யாம் சிரித்ததுண்டு. சிட்டுக்கு அந்தி மங்கியதும் கண் தெரியவில்லை என்று கேட்டபின் சிரிக்கவில்லை. மாலையானால் அச்சிறுமி சுவரைத் தடவித் தடவி நடந்தாள். மருத்துவர் வந்து பார்த்து, கீரையும் மஞ்சள்நிறக் கனியும் நாள்தோறும் கொடுக்கவேண்டும், இல்லையேல் நாளாக நாளாகப் பார்வை இன்னும் மங்கும் என்று சொல்லி, முறை தவறாமல் ஒரு தட்டையும் வைத்துவிட்டுப் போனார். அதைக் குவளையாள் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இனித் தம் மாங்கனியின் கதை. காம்பில் பொன்னூல் கட்டித் தாங்கள் விடுத்த கனிகள் எம்மிடம் வந்தன. யாம் கண்ணில் ஒற்றிப் படைத்தலைவர் மனைவி பெருநங்கைக்கு அனுப்பினோம். அவர் உப்பளக் கண்காணியின் வீட்டுக்கு அனுப்பினார். இப்படியே அவை ஊர் சுற்றி வருகையில், கொற்றன் முரசுமேடையிலிருந்து வழுக்கி விழுந்து கால் பிசகிப் படுத்தான். நலம் கேட்க வந்த ஒருவர் வைத்துச் சென்ற தட்டில், பொன்னூலோடு ஒன்று இருந்தது. மறுநாள் அது கருவூலக் கணக்கர் வீட்டுக்குப் போகவேண்டும்.

அன்று அந்தியில் விளக்கேற்ற எண்ணெய் எடுக்கக் குவளையாள் உள்ளே போனாள். சிட்டு இருட்டில் தடவிக்கொண்டு வந்து தட்டைத் தொட்டாள். தொட்டவள் கையை மோந்து பார்த்தாளாம்.

"அம்மா, இது பூவா, பழமா?"

"பழம்டீ. தொடாத, அமுங்கிரும்."

"யாருக்கு?"

"கணக்கர் வீட்டுக்கு."

"அவங்க தின்பாங்களா?"

"அவங்க எதுக்குத் தின்னப் போறாங்க? அடுத்த வீட்டுக்குக் குடுப்பாங்க."

"அப்போ யாரும்மா தின்பா?"

குவளையாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். விடை அவளுக்குத் தெரியும். கழிக்கரையில் ஆண்டுதோறும் பார்ப்பதுதான். மகளோ கண் தெரியாமல் தாயின் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடியே, என்ன பண்ற?" என்று கொற்றன் படுத்தபடியே பதறினான். "அரண்மனைப் பழம்டீ அது! என் வேலை போயிரும்!"

"கால் நல்லாகட்டும், வேற வேலை தேடுவோம்" என்றாளாம் அவள்.

அதன்பின் நிகழ்ந்ததை யாமே சாளரத்தில் நின்று கண்டோம், மோந்தோம் என்றால் இன்னும் பொருந்தும். அறுத்த மாம்பழத்தின் மணம் அத்தெருவுக்குள் அதுவரை வந்ததே இல்லை. தோலின் மணம் எல்லாரும் அறிந்தது. உள்மணம் யாரும் அறியாதது. அது மெல்லத் தெருவில் இறங்கி வாசல் வாசலாய் நின்று நின்று போயிற்று. சண்டையிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினர். தொட்டிலில் அழுத குழந்தை ஓய்ந்தது. ஒவ்வொருவராய் வெளியே வந்து, தூக்கத்தில் நடப்பவர்போல் கொற்றன் வீட்டு வாசலில் கூடினர்.

"எவடீ அறுத்தது?"

"குவளைதான். தைரியத்தைப் பாரேன்."

"தைரியம் கிடக்கட்டும். வாசனையப் பாரு."

அக்கூட்டத்தின் பின்னால் வந்து நின்ற தம் தூதர், வாசலில் எறியப்பட்டுக் கிடந்த பொன்னூலைக் கண்டார். கண்டவர் அவ்விரவே படகேறினார். எச்சில் ஊறிய வாயோடுதான் ஏறினார் என்று படகோட்டி சொன்னான்; அது எமக்குச் செய்தி, தமக்கு வேண்டாத பேச்சு.

தம் ஓலை வந்ததும் குவளையாளை அவைக்கு அழைத்தோம். அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். தன்னைப் படகேற்றினால் அந்திவேளையில் இப்பெண்ணை யார் கைப்பிடித்து நடத்துவது என்பது ஒன்றே அவள் நெஞ்சில் இருந்தது. தலைமயிரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பெருநங்கை தம் இருக்கையில் இருந்தபடியே தொடங்கினார்.

"தேவியாரே, இவள் இன்னிக்குப் பழத்தை அறுத்தாள். விட்டால் நாளைக்கு நம்ம எல்லார் மானத்தையும் அறுப்பாள்."

"பழத்துல பாதி அழுகிக் கிடந்துச்சும்மா" என்றாள் குவளையாள். "அத்தனை வீடு சுத்தினா அழுகாம என்ன செய்யும்? அழுகலை வெட்டி எறிஞ்சிட்டு மீதியைப் புள்ளைக்குக் குடுத்தேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கடல்தான் தின்னிருக்கும். கடலுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

யாம் வழக்கம்போல் பிறர் வீட்டுச் செய்தியைக் கேட்டோம். பெருநங்கையே, தாம் கடைசியாக மாம்பழம் உண்டது எப்போது என்று வினவினோம்.

அவர் சினத்தோடு வாய் திறந்தார். ஆனால் வந்த சொல்லில் சினம் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார். "எங்க அம்மா வீட்டுக் கொல்லையில, யாருக்கும் தெரியாம." அவர் முகம் இளகிக்கொண்டே போனது. மாம்பழம் பால்போல் இருக்கும் என்றார் ஓர் அமைச்சர். தேன்போல் என்றார் இன்னொருவர். "ரெண்டும் இல்லை, நார் பல்லுல மாட்டிக்கும்" என்றார் பெருநங்கை, கண்ணை மூடிக்கொண்டு. ஆட்சியை மறந்து, வரியை மறந்து, அவை முழுவதும் கண்மூடி ஒரு பழத்தின் சுவையைத் தேடிக்கொண்டிருந்தது. யாமும் தேடினோம். எமக்கு அகப்படவில்லை. அரண்மனையில் பிறந்து அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டவள் எங்கே அறுத்துத் தின்பது?

உடனே ஆள் விட்டோம். ஊருக்குள் எந்தெந்தத் தட்டில் பொன்னூற்கனி சுற்றிக்கொண்டிருந்ததோ அவையனைத்தும் வந்துசேர்ந்தன. குவளையாளையே அறுக்கச் சொன்னோம். அழுகல் போக மிஞ்சியது ஆளுக்கொரு கீற்று. சிட்டுக்கு இரண்டு. பெருநங்கை சொன்னதே உண்மை, நார் மாட்டிக்கொள்கிறது.

ஆதலின் வெண்கழி நாடெங்கும் முரசறைந்து யாம் விடுத்த ஆணை: எவ்வீட்டுக்குள் தட்டு நுழைகிறதோ அவ்வீட்டிலேயே அது அறுக்கப்படுக, கொண்டுவந்தவரும் ஒரு துண்டு தின்றபின்னரே எழுந்திருக்க. கோணற்காயும் தட்டுக்கு ஆகும். ஒரு பிடி கீரையும் தட்டுக்கு ஆகும். கொற்றன் நொண்டிக்கொண்டே வந்து இதை முழக்கினான். அவன் முரசை இவ்வளவு உரக்க அடித்து யாம் கேட்டதில்லை. தின்பதற்கென்று வாங்குவோர் காயின் அழகைப் பார்ப்பதில்லையாதலால் துறையில் விலை இறங்கியிருக்கிறது. குவளையாள் முறத்து நெல்லுக்கு இப்போது ஒரு கட்டுக் கீரையும் கோணல் வெள்ளரியும் வருகின்றன. சிட்டின் கண் இன்னும் தெளியவில்லை. ஆனால் நேற்று அந்தியில் தாயின் முந்தானையை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். இடறினாள்தான், இடறியது கல் என்று பார்த்துச் சொன்னாள்.

ஆகவே குவளையாளை அனுப்புவதற்கில்லை. அவளுக்கு மாலையில் வேலை இருக்கிறது. காய்கனிப் படகுகள் வழக்கம்போல் இறங்கிவருக; இறங்காவிடில் எம் உப்புப் படகுகளும் ஏறிவரமாட்டா, தம் பூசணிக் கூட்டு எப்படியிருக்கும் என்பதைத் தம் சமையற்காரர் தமக்கு எடுத்துரைப்பார். வரும் படகில் கீரை மிகுதியாகவும் பொன்னூல் குறைவாகவும் ஏற்றுவிக்குமாறு வேண்டுகிறோம்.

இவ்வோலையோடு எம் தூதர் ஏந்திவரும் தட்டில் இருப்பவை தம் மாங்கனிகளின் கொட்டைகள். நன்றாகச் சப்பியவை. தம் தலைக்கனிகளை அறுத்துத் தின்றவர் பட்டியலில் எம்மையும் சேர்த்துக்கொள்க. தலை மழிக்க ஆள் விடுவதாயின் கருக்குள்ள கத்தியாய்க் கொடுத்து விடுக.

வெண்கழிப் பட்டினத்து மேன்மாடத்தில், பனி விலகும் வேளையில், அரக்கிட்டுச் சங்குமுத்திரை பதித்தோம். இனித் தம் சோலையில், தோழியரை வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றை அறுத்துத் தின்று பார்க்கவும். இது அரச ஆணையன்று. அண்ணி சொல்கிறேன், கேள்.