ஒரு ஜோடி கிளவுஸ்

மச்சான்,

இன்று காலை கடலூர் லேபில் புது கிளவுஸ் டப்பாவைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆசிட் ஞாபகம் வரவில்லை. சாம்பார் வாளிதான் வந்தது.

கீரப்பாளையத்தில் என் தங்கச்சி கல்யாணம். சமையலுக்கு ஆள் வைத்தாலும் எங்கள் வீட்டுப் பந்தியில் பரிமாறுவது சிநேகிதக்காரர்கள்தான். வாளியைத் தூக்கியவன் வீட்டு ஆள். நெல்லிக்குப்பத்திலிருந்து முதல் ஆளாக வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு நீ வாளியைத் தூக்கினாய். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை. என் பெரிய மாமா என்னைத் தனியே இழுத்துப் போனார். "மாப்ள வூட்டுக்காரங்க பாக்குறாங்கடா. அந்தத் தம்பிய வண்டிங்கள பாத்துக்கச் சொல்லு."

எனக்குத் தெரியாததா? வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறாக அழிப்பது. கிருமி கிடையாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது. குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிதம்பரத்தில் படித்தபோது ஹாஸ்டல் மெஸ்ஸில் இதை எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்! மீனும் தயிரும் சேர்த்துத் தின்றதால் வந்தது என்று ஒருவன் சொன்னபோது சண்டைக்கே போனேன். நீதான் சிரித்தாய். "வுடு மச்சான், பயந்தான்னா அவன் தயிரயும் நானே சாப்புட்டுக்குறேன்."

மாமாவிடம் அதில் ஒரு வரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்திசாலித்தனமாக வழி கண்டுபிடித்தேன். பைக் பெட்டியில் லேப் கிளவுஸ் கிடந்தது. "சுத்தமா இருக்கும், போட்டுக்க" என்றேன். பரிமாறிய மற்ற ஏழு பேரும் வெறுங்கை. நீ அவர்களைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், போட்டுக்கொண்டாய். மூன்று பந்தி. சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசிக்கல மச்சான்" என்று வண்டியை எடுத்தாய்.

ஏன்டா திட்டவில்லை? அந்த வாளியை என் தலையில் கவிழ்த்திருக்கலாம். மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கல்யாணம் முடிந்த நாலாம் மாதம், விடியற்காலைப் பனியில், உன் வண்டிக்கு முன்னால் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். முடிந்தது.

போன மாதம் உன் வருஷத் திதி. உன் அம்மா இலை போட்டு, வெறுங்கையால் வடையை எடுத்து வைத்தார்கள். "ஒங்க வூட்டுக் கல்யாணத்துல பந்தி முச்சூடும் எம்புள்ள பரிமாறுனானாமே தம்பி. எங்கையால எல்லாரும் வாங்கிச் சாப்புட்டாங்கம்மான்னு வந்து சொன்னான். அன்னிக்கி அவன் மொகத்தப் பாக்கணும்."

கிளவுஸை மட்டும் நீ சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, உன் அம்மாவையா? எதற்காக இருந்தாலும் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்களிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரு சந்தோஷமும் போய்விடும்.

"ஆமாம்மா, மூணு பந்தியும்" என்றேன். வைத்த வடையைத் தின்று முடித்தேன்.

இன்றும் கிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அது ஆசிட்டுக்குப் போடுவது, மச்சான். உன் கைக்கு இல்லை.