கழுவிக் கவிழ்த்து வைத்த பிளாஸ்க்

அண்ணி,

என் முன்னால் ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்க் கவிழ்ந்திருக்கிறது. கழுவிக் கவிழ்த்தது நான்தான். மூடி ஒரு பக்கம், உள்மூடி ஒரு பக்கம், இன்னும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறது. இது நம் வீட்டு பிளாஸ்க் இல்லை. இது காவேரிக்கரையும் இல்லை. கதவைத் திறந்தால் கடல்.

ஆமாம், வந்துவிட்டேன். தரங்கம்பாடியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். கடலைப் பார்த்தாற்போல நாலைந்து அறைகள் உள்ள விடுதி. "இந்தத் தடவை போயிடுறோம் விஜி" என்று வருஷா வருஷம் நீங்கள் சொல்லி, வருஷா வருஷம் யாராவது விருந்தாளி வந்து கெடுத்தார்களே, அதே பயணம்தான். "காவேரியைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. தண்ணின்னா ஒரு பக்கமாவது கரை தெரியாம இருக்கணும்" என்பீர்கள். இங்கே தெரியவில்லை அண்ணி. பார்த்ததும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது, இதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் வந்த காரணம். நம் மாடி அறைகளை மூடிவிட்டு குடோனுக்கு விடலாம் என்கிறார் அண்ணன். பாலக்கரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் துணி மூட்டை அடுக்க இடம் தேடுகிறாராம். "அவ இல்லாம லாட்ஜாவது ஒண்ணாவது. நீ யோசிச்சு ஒரு முடிவு சொல்லு" என்று என் தலையில் போட்டுவிட்டார். ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதை யோசிக்க முடியவில்லை. எந்த அறைக்குள் போனாலும் நீங்கள் தலையணை உறையை உதறிக்கொண்டு நிற்கிறீர்கள். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வந்த இடம் எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள், சிரிப்பீர்கள். வாசலில் ஆளே கிடையாது. போனில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைச் சுவரில் இருக்கும் பெட்டியில் அழுத்தினால் பெட்டி திறந்து சாவி கிடைக்கிறது. அறையில் ஒரு மின்சாரக் கெட்டில், இரண்டு காபிப் பொட்டலம். கதவுக் கைப்பிடியில் ஓர் அட்டை, 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று. வந்த அன்று ஒரு முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் நம் விடுதிக்கு என்னென்ன விதி எழுதினேனோ அத்தனையும் இங்கே அச்சுப் பிசகாமல் நடக்கிறது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

நம் விதிச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? மறக்கிற சண்டையா அது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவள். ஊரார் பேச்செல்லாம் காதுக்குள்ளே ஓடினாலும் ஒன்றையும் கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் அங்கே உத்தியோகம். ஓய்வு பெற்று வந்து, நீங்களும் நானும் சேர்ந்து மாடி அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, அந்தப் புத்தியைத்தான் கூடவே கொண்டுவந்தேன். நீங்கள் ஜீயபுரத்து வாழைத் தோப்புக்காரர் மகள். வீட்டுப் பக்கம் போகிறவர்களை நிறுத்தி நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒரு சீப்புப் பழமும் கொடுத்தனுப்பும் குடும்பம். சாவியை நீட்டுவதற்குள் விருந்தாளியின் மாமியார் பெயர் வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு புதுமணத் தம்பதியிடம் நீங்கள் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டதும் அந்தப் பையன் கடிகாரத்தைப் பார்த்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குத்தான் நான் விதி போட்டேன். சொந்த விஷயம் கேட்கக் கூடாது. கூப்பிட்டால் ஒழிய மாடிக்குப் போகக் கூடாது. காலையில் கதவைத் தட்டவே கூடாது.

"தட்டாம காபி எப்படிக் குடுக்கறது?"

"வேணும்னா அவங்களே கீழ வந்து கேப்பாங்க அண்ணி."

"வீட்டுக்கு வந்தவங்க வாய் விட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிறதுக்குப் பேரு காபியா?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்க். "நான் தட்டலைம்மா. காபி தானா உக்காந்திருக்கு. எடுத்தா எடுக்கட்டும், விட்டா விடட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் தோற்றேனா, நீங்கள் தோற்றீர்களா என்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை.

ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திய நீங்கள் பிளாஸ்க்கைப் படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். தொடாமல் இருந்தால் பெருமாளின் விஸ்வரூப தரிசனத்துக்கு விடியுமுன்னே கிளம்பிவிட்டார்கள். பாதி மிச்சமிருந்தால் சர்க்கரை அதிகம், நாளைக்குக் குறைக்க வேண்டும். மூடி கோணலாக இருந்தால் உள்ளே குழந்தை இருக்கிறது, பாலும் வைக்க வேண்டும். அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, வராந்தாவில் நடந்தபடியே எல்லா அறையின் சங்கதியும் உங்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

கரூர் அம்மா வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே ஒரு பை, கூட யாரும் இல்லை. தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுக்க நம் தெருவில் எல்லாருமே யோசிப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். நானும் தயங்கினேன். "நிக்க முடியாம நிக்கிறாங்க, சாவியை எடு" என்றீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், "சாப்பிட்டீங்களா?" என்று. "ஆச்சுங்க. தூங்கணும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவர், மறுநாள் மத்தியானம் ஆகியும் வெளியில் வரவில்லை.

என் விதியெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினீர்கள். கதவுக்கு வெளியே, ஸ்டூலின் மேல், பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"காலையில எடுத்துக் குடிச்சிருக்காங்க. கழுவிக் கவுத்திருக்காங்க. நல்லா இருக்காங்க, தூங்குறாங்க. போய்ச் சாப்பிடு போ."

"இதை வச்சு எப்படிச் சொல்றீங்க?"

"மனசு விட்டுப்போனவங்க அடுத்தவங்க வீட்டு ஏனத்தைக் கழுவி வெப்பாங்களா விஜி?"

இந்த வாதம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. உங்களுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அன்று மத்தியானம் கீரை ஆய்கிறேன் என்று முறத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்தீர்கள். ஒரு கட்டுக் கீரையை அவ்வளவு நேரம் ஆய்ந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தட்டவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே ஓர் இருமல் கேட்டதும் முறத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டீர்கள்.

சாயங்காலம் அவர் மகன் போன் செய்தார். அம்மா போனை எடுக்கவில்லை, பெருமாளைச் சேவித்தாயிற்றா என்று கேட்டார். நான் ரிசீவரை உங்களிடம் கொடுத்துவிட்டு, இன்றைக்கு அந்தம்மாவின் கதை கரூர் முழுக்கப் போய்ச் சேரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது இதுதான்: "அம்மா நல்லா இருக்காங்க தம்பி. சேவைக்கு என்ன அவசரம்? இங்க பெருமாளே படுத்துக்கிட்டுத்தானே இருக்காரு." அந்தப் பக்கம் மகன் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பொய்யும் சொல்லவில்லை, அவர் தூங்கியதையும் காட்டிக்கொடுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேரோடு வேலை பார்த்தவள் சொல்கிறேன், இப்படி ஒரு பதில் அங்கே யாருக்கும் வாய்த்ததில்லை.

பிறகு அவர் இறங்கி வந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே தானாகச் சொன்னார். "பெரிய குடும்பம்ங்க. ஒரு நாளாவது யாரும் அம்மான்னு கூப்பிடாம தூங்கணும்னு ஆசை. கோயிலுக்குன்னு சொன்னாத்தான் விடுவாங்க." இன்னொரு கரண்டி தயிர் ஊற்றினீர்கள். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் வந்தார். முதல் நாள் தூக்கம், மறுநாள் சேவை.

நீங்கள் போன பிறகும் ஒரு தடவை வந்தார் அண்ணி. நான் சாவியைக் கொடுத்து, "வேணும்னா கூப்பிடுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், நான் இன்னும் ஏதோ கேட்பேன் என்று. எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை. "இப்ப லாட்ஜ் மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அண்ணன் குடோன் பேச்சை எடுத்தபோது அந்த வார்த்தைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. கதவை மூடி வைக்க எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே உட்காரத் தெரிந்தவர் நீங்கள். பாதி ஆள் நடத்துகிற விடுதி எத்தனை நாள் ஓடும்?

இந்த யோசனையோடு நேற்று மத்தியானம் வரைக்கும் அறைக்குள்ளேயே இருந்தேன். கெட்டில் காபி குடித்துக் குடித்து வயிறு எரிந்தது. கடைசியில் பசி பொறுக்காமல் விடுதியின் பின்பக்கம் போனேன். அங்கே விடுதிக்காரரின் மனைவி, சின்னப் பெண், உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"ரூம்ல ஏதும் குறைங்களாம்மா?"

"குறையெல்லாம் இல்லை. வந்ததிலேர்ந்து ஒருத்தரையும் காணுமேன்னு பாத்தேன்."

"நீங்க வந்ததை ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. தனியா வந்திருக்காங்களே, சாப்பிட்டாங்களோ என்னமோன்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். போகாதேன்னுட்டாரு. முன்னாடி வந்தவங்க யாரோ, இங்க ரொம்பத் தொணதொணக்கறாங்கன்னு நெட்ல எழுதிப் போட்டுட்டாங்க. அதுலேர்ந்து பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நான் பசியோடு, இந்தப் பக்கம் இவள் கவலையோடு, நடுவில் என் அட்டை. சிரித்து முடிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீ சாப்பிட்டியாம்மா?"

நான் ஒருவரிடமும் கேட்டுப் பழகாத கேள்வி. குரலும் என்னுடையது மாதிரி இல்லை. அவள், "இன்னும் இல்லைம்மா, வாங்க, சேந்து சாப்பிடலாம்" என்று உடனே இரண்டு தட்டு எடுத்தாள். மீன்குழம்பு. நம் ஸ்ரீரங்கத்து அடுப்பில் அது ஏறக் கூடாது என்பது நீங்கள் போட்ட ஒரே விதி. இங்கே அந்த விதி செல்லாது என்று எண்ணிக்கொண்டு இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவளுக்கு உங்கள் பிளாஸ்க் கதையைச் சொன்னேன். கரூர் அம்மா கதை வந்ததும் கை கழுவக்கூட எழுந்திருக்காமல் கேட்டாள்.

இன்று காலை கதவைத் திறந்தால் வெளியே ஒரு ஸ்டூல். மேலே இந்த பிளாஸ்க். யாரும் தட்டவில்லை. காபி உங்கள் காபி இல்லை, சர்க்கரை தூக்கல். கடலைப் பார்த்துக்கொண்டே முழுவதும் குடித்தேன். குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவினேன், கவிழ்த்து வைத்தேன். கை தானாகச் செய்தது. முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மறுபடி குனிந்துகொண்டாள். அப்போதுதான் அண்ணி எனக்கு அழுகை வந்தது. நீங்கள் போனதற்கு அழுததை விட இது நல்ல அழுகை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"குடோனுக்கு விட வேணாம்ண்ணே. நான் நடத்தறேன்."

"நீயா? உங்கண்ணி வாயாலதான் அது ஓடிச்சு. உனக்கு ஒருத்தரை வாங்கன்னு கூப்பிடவே வராதே. எப்படிம்மா சமாளிப்ப?"

நியாயமான கேள்வி. மணியைப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு அவர் இரண்டாவது தோசையில் இருப்பார்.

"நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். எக்ஸ்சேஞ்சில் பழகிய காதுக்கு, லைன் போனதற்கும் ஆள் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியும். போகவில்லை.

"இன்னும் இல்லைம்மா" என்றார் ரொம்ப நேரம் கழித்து. "சரி, அந்தக் கடைக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நீ சீக்கிரம் வா."

பத்தரை மணிக்கு பஸ். பையைக் கட்டிவிட்டேன். கைப்பிடியில் தொங்கிய அட்டையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டிருக்கிறேன், அந்தப் பெண் தேடிக்கொள்ளட்டும். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்றேனே, அதை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன், கரை தெரியாத தண்ணீர்தானே, எங்காவது போய்ச் சேரும். மற்றதை எடுத்து வருகிறேன். நாளைக்கு விடிந்ததும் முதல் பிளாஸ்க் அண்ணனின் அறைக்கு வெளியே இருக்கும். தட்ட மாட்டேன். அவர் அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவரைக்கும் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன்.

உங்கள் நாத்தனார்,
விஜி