கோச் அல்பேட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி

பலெர்மோ
16.09.2015

அன்புத் தம்பி அல்பேட்டுக்கு,

குகனக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ போனை நிறுத்திவிட்டு மலையேறிவிட்டாய். நீ முன்பு வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளை இந்த வயதில் கடிதம் எழுத வைத்துவிட்டாய், நல்லாயிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு நடந்ததைக் கேள். மொரிசியஸ்காரரிடம் ஆறு கோல் வாங்கினதும், தலைவர் யோகராசா அண்ணை கதிரையில் ஏறி நின்று, "இண்டையோட அல்பேட் எங்கட கோச் இல்லை" என்றார் அல்லவா? நீ சப்பாத்துப் பையோடு பஸ் ஏறினாய். பஸ் பிரான்காச்சோ மூலை திரும்பக்கூட இல்லை, பெடியள் வெடி கொளுத்திவிட்டார்கள். எந்த லீக்கிலும் இல்லாத, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாடுகிற ஒரு கழகத்துக்கு அவ்வளவு ஆரவாரம்! நானும் சும்மா இருக்கவில்லை. மைதானத்தில் நான் விற்று மிஞ்சின ரோல்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்து, "எட்டு மட்ச் தோத்த கோச்சுக்கு இது எட்டுச் செலவு, தின்னுங்கோடா" என்றேன். செத்த வீட்டு எட்டாம் நாள் படையல் மாதிரித் தின்றார்கள்.

அதைப் பிடித்துக்கொண்டான் சதீஸ். "அப்ப நோட்டீசும் அடிப்பம் அக்கா" என்றான். கறுப்புக் கரை போட்டு, உன் சிரிக்காத படத்தையும் போட்டு, "கண்ணீர் அஞ்சலி. முல்லைத்தீவைப் பிறப்பிடமாகவும் பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட அல்பேட் அவர்கள் 13.09.2015 அன்று காலமானார். உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்." கோச் வேலையில் காலமானார் என்று போட இடம் போதவில்லையாம். போர்கோ வெக்கியோ சந்தைச் சுவரில், சிசிலிக்காரரின் செத்த நோட்டீசுகளுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தால் நீயே உனக்காக அழுவாய்.

ஒரு கிழமை கோபித்துக்கொள், போதும். பிறகு வா.

உன் அக்கா,
குகனேஸ்வரி


பெத்ராலியா
24.09.2015

அன்புள்ள குகனக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் காலமானது இந்த ஊர்த் தபால்காரனுக்கு இன்னும் தெரியாது.

இங்கே ஒரு கிழவரைப் பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, தள்ளுவண்டியில் வெயிலுக்குக் கொண்டுபோவது. அவர் கத்துவதில்லை. அது பெரிய ஆறுதல்.

தோற்றதற்காக விலக்கினது நியாயம்தான். நான் அதற்குக் கோபிக்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது அக்கா. அதில் உங்கள் குரலைத்தான் முதலில் அடையாளம் கண்டேன்.

போன் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அம்மாவுக்குக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "உன்ர பெடியள் வெண்டவங்களோ ராசா?" என்றுதான் தொடங்குவா. ஒரு மட்சாவது வெல்லட்டும், பிறகு எடுப்போம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். இனி என்ன சொல்ல?

அந்த நோட்டீசைக் கிழித்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி விளையாட்டுக் கூடாது.

இப்படிக்கு,
அல்பேட்


பலெர்மோ
08.10.2015

அன்புத் தம்பிக்கு,

நோட்டீசைக் கிழிக்கத்தான் போனேன். அதற்குக் கீழே மெழுகுதிரி எரிகிறது! மீன் கடைக்குப் பக்கத்து மாடியில் இருக்கிற சிசிலிக்காரக் கிழவி கொளுத்தினதாம். நான் கையை வைத்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தா. செத்த மனிசனின் முகத்தைக் கிழிக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று ஊரைக் கூட்டினா. இவன் சாகவில்லை அம்மா என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். என் தலையைத் தடவி, சிலுவை போட்டுவிட்டா. துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பா. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

தம்பி, இனிச் சிரிப்பில்லை.

நேற்று நான் லிபெர்த்தா வீதியில் என் சிஞ்ஞோரா வீட்டு யன்னல் துடைத்துக்கொண்டு நின்றபோது முல்லைத்தீவிலிருந்து அழைப்பு வந்தது. உன் அக்கா மகள் கேசினி. "அன்ரி, மாமாவின்ர உடம்பை எப்ப அனுப்புறியள்?" என்றாள்.

சதீஸ் நோட்டீசைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். சுவிசில் யாரோ அதை உண்மையென்று நம்பிப் பரப்ப, அது உங்கள் ஊருக்குப் போய்விட்டது. மூன்று கிழமையாக உன் போனுக்கு அடித்திருக்கிறார்கள். நீ லாச்சிக்குள் வைத்திருந்தாய். கோயிலில் துக்க மணி அடித்து, பூசையும் வைத்துவிட்டார்களாம்.

"உயிரோட இருக்கிறான் பிள்ளை, அது பகிடி" என்று கத்தினேன். கேசினி அதை அப்படியே வீட்டுக்குள் சொன்னாள். பின்னால் உன் அம்மா யோசப்பின் சொன்னது கேட்டது: "இவையும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

லாச்சியைத் திற. இப்போதே திற.

குகனக்கா


பெத்ராலியா
15.10.2015

அன்புள்ள அக்கா,

எடுத்தேன். தினமும் எடுக்கிறேன்.

"அம்மா, நான் அல்பேட்" என்றேன். "நல்லா அவனைப் போலத்தான் கதைக்கிறாய் மோனை. முந்தியும் ஒருத்தன் மூத்தவனைப் போலக் கதைச்சவன். வையப்பு" என்று வைத்துவிட்டா.

உங்களுக்கு இதை நான் சொன்னதில்லை. அண்ணன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அடுத்த வருசம் ஒருத்தன் போன் எடுத்து, "அம்மா, நான் உயிரோட இருக்கிறன், ஆக்களிட்டைச் சொல்லாதேங்கோ" என்று அழுது காசு கேட்டான். அம்மா கைக்காப்பைக் கழற்றி ஆள் மூலம் அனுப்பினா. பிறகு அந்தக் குரல் வரவில்லை. அது அண்ணனும் இல்லை. அன்றிலிருந்து போனில் வருகிற எந்த உயிரையும் அவ நம்புவதில்லை.

வீடியோவில் காட்டச் சொல்வீர்கள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது அக்கா. கையால் தடவித்தான் ஆளை அறிவா.

கேசினி சொல்கிறாள், மருந்துக் குளிசை போடுவதை நிறுத்திவிட்டாவாம். "ரெண்டு பேரும் அங்காலை போயிட்டாங்கள், எனக்கு இஞ்சை என்ன வேலை?" என்கிறாவாம்.

இத்தாலி தந்த என் சாம்பல் நிறப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அடித்திருக்கிறது, ஒரு நாட்டைத் தவிர. அந்த ஒரு நாட்டில்தான் எனக்கு அம்மா இருக்கிறா. அசீலோ என்று தஞ்சம் கேட்டவன் அங்கே போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அல்பேட்


பலெர்மோ
25.10.2015

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கழகக் கூட்டத்தில் வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசித்ததால் எல்லாரும் அழுவதற்கு நிறைய நேரம் கிடைத்தது. சதீஸ் தலையைச் சுவரில் இடித்தான். யோகராசா அண்ணை நீதான் மறுபடி கோச் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வெடி கொளுத்தின அவ்வளவு பேரும் வரிசையில் நின்று உன் அம்மாவுக்குப் போன் எடுத்தார்கள். அவ ஒவ்வொருவரிடமும், "நல்லது மோனை, நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

'அல்பேட் உயிரோடு இருக்கிறார்' என்று பேஸ்புக்கில் போட்டோம். நீ செத்ததற்கு வந்த கூட்டத்தில் காற்பங்குகூட அதற்கு வரவில்லை. உயிரோடு இருப்பதற்கு மதிப்பில்லை, பார்.

கேள். எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. சிஞ்ஞோராவிடம் சித்திரை மாதம் லீவு கேட்டிருக்கிறேன். நான் போய் அவவின் காலடியில் இருந்து, என் வாய்தான் இந்த வினையைத் தொடக்கியது என்று சொல்கிறேன். நீ மட்டும் அங்கே போக ஒரு அலுவலும் பார்க்காதே. உன் எழுத்தில் ஏதோ இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

சாந்தா ரொசாலியாவின் கோயில் மலைக்கு உனக்காக வெறுங்காலோடு ஏறினேன். சைவக்காரி ஏறினால் கணக்கில் சேர்ப்பாவோ தெரியாது. முழங்கால் போய்விட்டது, அது கணக்கில் சேரட்டும்.

அக்கா


இராமேஸ்வரம்
06.02.2016

அன்புள்ள குகனக்காவுக்கு,

கோபிக்காதீர்கள். உங்களைத் தொட்டுப் பார்த்து அம்மா என்ன செய்வா? "ஆரோ ஒரு நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வா. இப்போது கஞ்சியும் குறைவாம். சித்திரை மாதம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்தியா வரைக்கும் புத்தகம் விட்டது. கடற்கரையில் நின்றால் காற்று எங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது. எனக்குக் கடல் தெரியும், நான் கரைவலை இழுத்தவன். கூட வருகிறவர்களுக்கும் தெரியும் என்று சொல்கிறார்கள். மற்றதைக் கடிதத்தில் எழுதக்கூடாது.

நான் தங்கியிருக்கிற வீட்டு விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. எழுதிப் போடுங்கள், திரும்பி வந்து வாசிப்பேன். ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு.

சதீஸை இடது பக்கத்தில் விளையாட விடாதீர்கள். அவனுக்கு அந்தக் காலில் உதை இல்லை. அவனை ஏசவும் வேண்டாம்.

உங்களில் கோபம் இல்லை அக்கா. சிரிப்புத்தான் இன்னும் வரவில்லை.

அல்பேட்


பலெர்மோ
20.03.2016

என் தம்பி அல்பேட்டுக்கு,

நீ சொன்ன இரண்டு கிழமை போய் எத்தனையோ நாளாகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் அதே வீட்டுக்குத்தான் போடுகிறேன். முன்பு போட்ட மூன்றும் அங்கே உன்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

நேற்று உன் அம்மாவோடு கதைத்தேன். வைக்கச் சொல்லவில்லை. குரல் தெளிவாக இருந்தது. குளிசை போடுகிறாவாம், சோறும் சாப்பிடுகிறாவாம். நீ எழுதினதற்குப் பிறகு வந்த கிழமை நடந்ததை அவவே சொன்னா:

"விடியக் கோயில் முதல் மணி அடிக்க வந்தவன் பிள்ளை. முகத்தைத் தடவிப் பாத்தனான். தாடி. உடுப்பெல்லாம் உப்பு, கை குளிர்ந்துபோய்க் கிடந்தது. 'அம்மா' எண்டான். கஞ்சி குடுத்தன், குடிச்சவன். மடியில தலையை வைச்சுக் கொஞ்சநேரம் கிடந்தான். பிறகு போயிட்டான். செத்த பிள்ளையள் ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுத்தான் போவினமாம். மூத்தவன் வரேல்லை. இவன் வந்திட்டான். எனக்கு இனிப் போதும்."

உயிரோடு இருக்கிறாய் என்று காட்டத்தானே கடலில் இறங்கினாய்? செத்தவன் வந்து விடைபெற்றான் என்று எடுத்துக்கொண்டு உன் தாய் ஆறிவிட்டா. இதற்கு நான் என்ன பகிடி விடுவேன்?

பிறகு கேசினி போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். குரலைக் குறைத்து, "அன்ரி, நாங்கள் எழும்பேக்க ஒருத்தரும் இல்லை. ஆனா கிணத்தடியில கோப்பை கழுவிக் கவிட்டுக் கிடந்தது. அம்மம்மா கிணத்தடிக்குப் போறேல்லை" என்றாள். நான் சந்தோசத்தில் சத்தம் போட்டுவிட்டேன். "பொறுங்கோ அன்ரி" என்றாள். "அண்டைக்கு மத்தியானம் தெரியாத ரெண்டு பேர் வந்து, ஆர் வந்துபோனது எண்டு வீடு வீடாக் கேட்டவை."

அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

இங்கே போன ஞாயிறு உன் பெடியள் ஒரு மட்ச் வென்றார்கள். யாரும் கத்தவில்லை. விசில் ஊதினதும் எல்லாரும் என்னிடம் வந்து, "அக்கா, ஏதும் தெரியுமோ?" என்றார்கள். ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒன்று கையில் வைத்தேன்.

ஆவி கோப்பை கழுவாது. கஞ்சி குடித்ததும் கழுவினதும் நீதான். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாய் என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
குகனேஸ்வரி