பசுவுக்குப் போடும் ஊசி

கணியம்பாடி
16-8-1983

அன்புள்ள மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிலாயில் சுகமா, ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் டியூட்டியைக் குறைத்தார்களா என்று எழுது.

நம் செவலைப் பசு போட்ட கன்று ஒரு வாரம்கூடத் தங்காமல் கழிச்சலில் செத்துப்போனது. ஊர் வழக்கம் உனக்கே தெரியும், தோலை உரித்து வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினால் அது நக்கிக்கொண்டே பால் விடும். நான் சபைக் கூட்டத்துக்குப் போய் வருவதற்குள் உன் அப்பா அந்தத் தோலை மேல்விஷாரம் முனீர் அகமது பாய் தோல் மண்டிக்கு அனுப்பிவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தோலைக் கண்டால் வேறு ஒன்றும் தோன்றாதே. இரண்டு நாள் சண்டை போட்டு அவரையே திரும்ப அனுப்பினேன். பாய் நல்ல மனுஷர், தேடி எடுத்துக் கொடுத்தார், ஆனால் அதற்குள் சுண்ணாம்புக் குழியில் கிடந்து மயிரெல்லாம் கழன்றுபோயிருந்தது. அந்த மொட்டைத் தோலையும் அடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார் உன் அப்பா. பசு மோந்து பார்த்துவிட்டு எட்டி உதைத்தது. நானாக இருந்தாலும் உதைத்திருப்பேன். அத்தோடு விட்டாரா? டீச்சர்கள் குவார்ட்டர்ஸுக்கு வாடிக்கைப் பால் நின்றால் மரியாதை போய்விடுமாம். பால் கறக்க வரும் கன்னியப்பன் சொன்னான் என்று ஊசி போட ஆரம்பித்தார்கள். போட்டதும் பால் இறங்குகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது ஊசி இல்லாமல் ஒரு சொட்டு வராது. அவன் சைக்கிள் சத்தம் கேட்டாலே பசு முளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஊசி ஏறியதும் முதுகை வளைத்து முக்குகிறது. என்ன மருந்து என்று கேட்டால், “ஆஸ்பத்திரில புள்ள பெக்கற பொம்பளைங்களுக்குப் போடறதுதாம்மா, இன்னா ஆய்டப்போவுது” என்கிறான். வலி வருவதற்குத்தானே அதைப் போடுகிறார்கள், கன்றே இல்லாத மாட்டுக்கு எதற்கு வலி என்றேன். உன் அப்பா, “மாட்டுக்கு இன்னா தெரியும், சும்மா பேஜார் பண்ணாத” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். நான் பேசுவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நர்ஸான நீ ஒரு வரி எழுதினால் கேட்பார் என்றுதான் இந்த இன்லண்ட் லெட்டரை எடுத்தேன். எழுத எழுத வேண்டாம் என்று தோன்றிவிட்டது. போன வருஷம் பிள்ளை தங்காமல் போய், பால் கட்டி நீ துடித்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். குடிக்கப் பிள்ளையில்லாத பால் எப்படி வலிக்கும் என்று உன்னைவிட்டு எழுதச் சொல்வேனா?

இதுவரை எழுதும்போதே கன்னியப்பன் வந்துவிட்டான். பேனாவை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். “நம்ம ஜெயசீலிக்குப் பால் கட்டினப்ப கொல்லைல போய் நின்னு அழுதீங்களே, அது மறந்துபோச்சா?” என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் கன்னியப்பனை ஊசியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார், குவார்ட்டர்ஸுக்கும் தானே போய்ப் பால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வரக்காப்பிதான் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் குடித்தார்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. பதிலை அப்பா பெயருக்கே போடு, மாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

உன் அம்மா,
ரோஸ்