மெஷினுக்கு ஒரு வேட்டி

7.5.69 புதன்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே கொட்டகைத் தகரம் சுடுது. பள்ளிக்கூடம் ஜூன் வரை லீவு. தச்சு வாத்தியாருக்கு லீவுன்னா வீட்டுல தச்சு வேலை, வேற என்ன.

ரம்ப மெஷின்ல ஸ்டூல் கால் நாலு அறுத்தாச்சு. சாமி படச் சட்டம் ரெண்டுக்கு மெல்லிசா ரீப்பர்க் கட்டை கிழிச்சாச்சு. நுங்கு ஆறு, நான் மட்டும் நாலு.

தும்மல்: 41. எண்ணினது நான் இல்லை, என் வீட்டுக்காரி விசாலம். அடுப்படிச் சுவர்ல கரித்துண்டால கோடு போட்டு, அஞ்சஞ்சாக் குறுக்கக் கிழிச்சு வச்சிருக்கா. (இனிமே வி. பேனா மை கம்மியா இருக்கு.)

சாயங்காலம் டாக்டர் வீடு. நான் பொய் சொல்லிருவேன்னு வி.யும் கூட வந்தா. நெஞ்சில குழாயை வச்சுப் பார்த்தவர் முகத்தைச் சுளிச்சார். “மரத்தூள் உள்ள போய் இளைப்புத் தொடங்கிருச்சு வாத்தியாரே. ஒண்ணு தூள் நிக்கணும், இல்ல மெஷின் நிக்கணும்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் வி. சொன்னா. “மெஷினை வித்திருங்க.”

8.5 வியாழன்

வெயில் நேத்தைவிட ஜாஸ்தி. வேலை ஓடலை. மெஷினைச் சும்மா பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

மேசை: கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டைப் பிரிச்சப்ப கிடைச்ச தேக்கு உத்தரம். மோட்டார்: மாவு மில்லில் கழிச்சது. வட்ட ரம்பம், பத்து இஞ்சு: மதுரை. ஷாஃப்ட்: நம்ம ஊர் லேத் பட்டறை. மீதி எல்லாம் என் கை. ரெண்டு வருஷ ஞாயித்துக்கிழமைகள். ஊர்ல வேற யார் வீட்டுலயும் இப்படி ஒண்ணு கிடையாது. பெருமைதான், டைரியிலதானே எழுதுறேன்.

மெஷினோட சேர்ந்தவை:

தள்ளுகட்டை. பலகையோட கடைசித் துண்டைத் தள்ளும்போது விரலுக்குப் பதிலா ரம்பம் பக்கம் போறது. பேரு பதினோராம் விரல். மத்த பத்தும் பத்திரமா இருக்குன்னா இதோட புண்ணியம்.

மூலைச் சாய்வு வெட்டுற தட்டு. சட்டத்தோட நாலு மூலையையும் இதில வச்சுத் தள்ளினா முடி நுழைய இடம் இல்லாமச் சேரும். பேரு ஹெட்மாஸ்டர். கோணலைப் பொறுக்காது.

ஸ்டூல் காலைச் சரிவா அறுக்க ஆப்புக்கட்டை. பேரு மச்சினன். எப்பவும் ஒரு பக்கமாவே சாஞ்சு நிக்கும். என் சொந்த மச்சினன் ராமலிங்கமும் அக்கா பக்கம் அப்படித்தான்.

வித்தா இதையெல்லாம் என்ன செய்யிறது? அடுப்புக்குப் போகுமோ?

9.5 வெள்ளி

விக்க மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. தூளை நிறுத்திக் காட்டுறேன்னு சொன்னேன். “காட்டுங்க பார்ப்போம்” அப்படின்னா.

மேசைக்கு அடியில சாக்கு கட்டினேன். பெருந்தூள் சாக்குல விழுந்துச்சு. பொடித்தூள் சாக்குக் கண் வழியா வந்து என் மூக்குல. மேல பறக்கிறது பறந்துக்கிட்டே இருக்கு.

பத்து மணிக்கு அடுத்த வீட்டு ஆச்சி மாடியில இருந்து எட்டிப் பார்த்தாக. “வாத்தியாரே, நான் வத்தல் போட்டிருக்கேன், நீங்க அதுக்கு மேல என்னத்தைப் போட்டிருக்கீக?”

“தேக்கு ஆச்சி. பர்மாத் தேக்கு.”

“அப்ப வறுத்தா மணமாத்தான் இருக்கும். உங்களுக்கே ஒரு டப்பா தாரேன், நீங்களே தின்னுங்க.”

தும்மல் 38. மூணு குறைஞ்சிருக்குன்னு வி.கிட்டக் காட்டினேன். மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாததைக் கழிச்சீகளான்னு கேட்கிறா.

10.5 சனி

இன்னைக்கு நடந்ததை எழுதவே வெட்கமா இருக்கு. எழுதுறேன்.

பழைய டேபிள் ஃபேனைப் பிரிச்சு, மண்ணெண்ணெய் டின்னுக்குள்ள பொருத்தி, மேசைக்கு அடியில மாட்டினேன். தூளை உறிஞ்சி வெளியே சாக்குக்குள்ள தள்ளணும். யோசனை சரி. ஃபேனை மாட்டினது மட்டும் திருப்பி. சுவிட்சைப் போட்டதும் அது உறிஞ்சலை, ஊதுச்சு. அடியில கிடந்த ரெண்டு வாரத் தூளும் ஒரே மூச்சுல கிளம்பி, அடுப்படி ஜன்னல் வழியா உள்ளே. அங்க வி. அப்பத்தான் இட்லிக்கு மாவு ஆட்டி மூடாம வச்சிருந்திருக்கா.

வெளியே வந்தா. தலை, புருவம், தோள் எல்லாம் மஞ்சப் பூத்திருந்துச்சு. நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிச்சுட்டேன். அவ சிரிக்கலை.

தும்மல் 52. அவளுது தனிக்கோடு: 17.

12.5 திங்கள்

கொஞ்சம் மேகம். பெய்யலை. செருப்பு வார் அறுந்துச்சு.

ராமலிங்கம் சைக்கிள்ல வந்தான். ஜவுளிக்கடையில வேலை அவனுக்கு. எங்க குடும்பத்துல உளியை விட்டுட்டுக் கத்தரிக்கோலைப் பிடிச்ச முதல் ஆளு. மெஷினை வாங்க ஆளைக் கண்டுபிடிச்சிட்டானாம். கண்டனூர்க்காரர் ஒருத்தர், வயக்காட்டுக்காரர், பழப்பெட்டி அடிக்கிற பட்டறை போடப் போறாராம். “மெஷினைப் பத்திச் சொன்னேன் அத்தான், மனுசன் துடிக்கிறாரு. வியாழக்கிழமை வரட்டுமான்னு கேட்கிறாரு.”

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வி. கையைத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போனா, திரும்பி வந்தா. “வியாழன் வேணாம்டா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. நாளு நல்லா இருக்கு.”

நாள் பார்த்து அனுப்பி வைக்கிறா, பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி. சரின்னு நானும் சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான். ராமலிங்கம் போனப்புறம் கொட்டகையில உட்கார்ந்து இழைப்புளியைத் தீட்டினேன், தீட்ட வேண்டியதே இல்லை அதுக்கு. ரொம்ப வருத்தம்.

13.5 செவ்வாய்

வி. மில்லுக்குப் போயி வரமிளகாய் அரைச்சு வந்தா. தூக்குவாளியை இறக்கி வைக்கும்போதே ஆரம்பிச்சா.

“மிளகாயே அரைக்கிறான், அந்த மில்லுக்காரன் ஒரு தும்மல் தும்மலை.”

“பழகிருக்கும்.”

“பழக்கமில்லை. தூள் விழுற வாயில நீளமாத் துணிக்குழாய் கட்டித் தொங்க விட்டிருக்கான்ல? உப்பிக்கிட்டு நிக்குது. காத்து துணி வழியா வெளிய போகுது, தூள் உள்ளயே தங்கிருது. வருஷக்கணக்காப் பார்க்கிறீகளே. உங்க மோட்டாரு அங்க இருந்து வந்ததுதானே, அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை.”

மாசம் ஒருக்கா அந்தத் துணிக்குழாய் பக்கத்துலதான் நிக்கிறேன். அதுல சாஞ்சுகூட நின்னிருக்கேன்.

“விக்கப் போற மெஷினுக்கு எதுக்கு இதெல்லாம்?” கொஞ்சம் குத்தலாத்தான் கேட்டேன்.

“வாங்குறவருக்கும் மூக்கு இருக்குல்ல” அப்படின்னுட்டு மிளகாய்த்தூளைச் சலிக்கப் போயிட்டா.

14.5 புதன்

வைகாசி பொறந்தாச்சு. வேலை, வேலை. சாப்பிட்டது ரெண்டரை மணிக்கு.

1. மேசைக்கு அடியில நாலு பக்கமும் தகரம் அடைச்சுப் பெட்டியாக்கியாச்சு.
2. ஃபேன், இந்தத் தடவை சரியான பக்கம். மூணு தரம் பார்த்தேன். சிகரெட் புகையை ஊதியும் பார்த்தேன். (சிகரெட் ராமலிங்கத்தோடது.)
3. குழாய்க்குத் துணி. வீட்டுல இருக்கிறதுல நெசவு நெருக்கமானது எதுன்னு வி. தேடினா. என் எட்டு முழ வேட்டி, பொங்கலுக்கு எடுத்தது, ரெண்டு தடவைதான் கட்டினேன். கேட்கவே இல்லை. தையல் மெஷின்ல ரெட்டைத் தையல் போட்டு நீளக் குழாயாக்கிட்டா. வாய்க்குப் பாவாடை நாடா.
4. மேல பறக்கிற தூள். ரம்பத்தைச் சுத்தி மேசையில ரெண்டு விரக்கடை ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் பறக்குது. ஒரு பலகையை அந்த ஓட்டைக்கு அளவா இழைச்சு உட்கார வச்சு, அழுத்திப் பிடிச்சு, கீழ இருந்து ரம்பத்தை மெதுவா ஏத்தினேன். தனக்கு வேணும்கிற வாயை அதுவே வெட்டிக்கிச்சு. நூல் அளவுகூட மிச்சம் இல்லை. இதை ஏன் ரெண்டு வருஷமாச் செய்யலைன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

இதுக்கு இன்னும் பேரு வைக்கலை. விசாலம்னு வைக்கலாம். வாயை அளவாத் திறக்கும்னு சொன்னா அடிக்க வருவா.

15.5 வியாழன்

ஓட்டம் பார்த்தாச்சு.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போற கறுப்புக் குடையை விரிச்சு மெஷினுக்குப் பக்கத்துல வைக்கச் சொன்னா வி. கறுப்புல தூள் விழுந்தா தெரியுமாம். ஒரு மணி நேரம் விடாம அறுத்தேன். வேட்டி விட்டத்துல தொங்கிக்கிட்டு, உப்பி, ஆள் படுத்திருக்கிற மாதிரி அசைஞ்சுச்சு. மெஷினை நிறுத்தினதும் வி. வந்து குடையில விரலை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தா. விரலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. குடையை மடக்கி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

தும்மல் 3.

மாடியில இருந்து ஆச்சி: “வாத்தியாரே, மெஷின் ரிப்பேரா? வத்தல் சுத்தமா இருக்கே.”

சந்தோஷத்துல ரெண்டு எட்டு ஆடினேன், கொட்டகைக் கதவைச் சாத்திட்டுத்தான். அப்புறம் நாளைக்கு வெள்ளிக்கிழமைங்கிறது ஞாபகம் வந்துச்சு. தூளும் நின்னுருச்சு, மெஷினும் போகப் போகுது. ஹெட்மாஸ்டர், மச்சினன், பதினோராம் விரல் மூணையும் சாக்குல போட்டுக் கட்டினேன், அதுக கூடவே போகட்டும். இப்பப் போயி விக்க வேணாமேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லுவாளான்னு சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தேன். “ரசம் ஊத்தவா?” அவ்வளவுதான்.

காலையில எண்ணெய் விடணும், பெல்ட்டை இறுக்கணும். ஓட்டிக் காட்டச் சொல்லுவார்.

16.5 வெள்ளி

காத்தே இல்லை. காலையில எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். என் கையில இருந்து வி. வாங்கி வச்சுட்டா. “முதல்ல போய்க் குளிங்க.” அடுப்படியில வாழைக்காய், வடைக்கு உளுந்து, பாயசம். மெஷினை வழியனுப்ப விருந்தான்னு மனசுக்குள்ள வெந்துக்கிட்டேன்.

பத்து மணிக்குக் கண்டனூர்க்காரர், மாட்டு வண்டியோட. வண்டியில வைக்கோல் மெத்தை, கயிறு. ராமலிங்கம் முன்னாடி. வெத்தலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் தட்டுல. நல்ல மனுசன், முகமே சிரிப்பு. மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தார். மேல தொங்குறதைப் பார்த்துட்டு, “என்ன வாத்தியாரே, வேட்டியை இங்குட்டுக் காயப் போட்டிருக்கீக?”

“அது மெஷினோட வேட்டிங்க.”

சிரிச்சார். “சரி, ஒரு பலகையை விட்டு ஓட்டிக் காட்டுங்க. நிறைஞ்ச அமாவாசை, இன்னைக்கே ஏத்திக்கிட்டுப் போயிருவோம்.”

எனக்குத் தலையில தண்ணி ஊத்தின மாதிரி இருந்துச்சு. அமாவாசை. பதினெட்டு வருஷமாப் பள்ளிக்கூடத்து லீவுதான் எனக்கு லீவு. அமாவாசை எப்பன்னு காலண்டர் பார்க்கிறது வி. வேலை. கொட்டகை வாசல்ல வந்து நின்னா, கையில வடைத் தட்டு.

“மன்னிக்கணும்ங்க. எங்க ஆசாரி வீடுகள்ல அமாவாசைக்கு உளியைக்கூடத் தொடமாட்டாக. மெஷினை எப்படி ஓட்டுறது?”

“ஓட்டிப் பார்க்காம நான் எப்படிம்மா வாங்குறது?”

“அதானே. நீங்க கேட்கிறது நியாயம். நாளைக்கு வாங்க.”

“நாளைக்குப் பாட்டிமை, அமாவாசை கழிஞ்ச மறுநாளு. பாட்டிமையில எவன் பொருள் வாங்குவான்?”

“அதுவும் நியாயம்தான்” அப்படின்னு வடையை நீட்டினா.

ராமலிங்கம் முகத்தைப் பார்க்கணுமே. “அக்கா, நீதானே வெள்ளிக்கிழமை...” அவனுக்கும் ஒரு வடை.

கண்டனூர்க்காரர் வடையைக் கையில வச்சுக்கிட்டு வண்டியைப் பார்த்தார். “வளர்பிறையில ஒரு நாள் வந்து பார்க்கவா?”

“தாராளமா வந்து பாருங்க. பார்க்கிறதுக்கு என்ன.”

அவருக்கும் புரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் மனசு கேட்கலை. நம்பி வண்டி கட்டி வந்த மனுசன். லேத் பட்டறையில சொல்லி உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு நானே அமைச்சுத் தாரேன், பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடின்னு சொன்னேன். “வேட்டியோட?” அப்படின்னு கேட்டார். வேட்டியோடதான். அப்புறம் இலை போட்டுச் சாப்பிட்டுட்டு, ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிட்டு, கொண்டு வந்த தட்டை எங்க வீட்டுலயே வச்சுட்டுக் கிளம்பினார்.

17.5 சனி

பாட்டிமை. வெயில். சாக்கை அவிழ்த்து மூணு பேரையும் வெளிய எடுத்தேன். ஹெட்மாஸ்டர்ல சட்டம் நாலு மூலை வெட்டியாச்சு.

அடுப்படிக் காலண்டர்ல திங்கட்கிழமைத் தாள்ல இருந்து தேடிப் பார்த்தேன், எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டா. வெள்ளிக்கிழமைத் தாள் மட்டும் கிழிக்காம ஆணியில மாட்டியிருக்கு. ஓரத்துல கரிக்கோடு ஒண்ணு. அமாவாசைன்னு போட்ட இடத்துல எண்ணெய்க் கைரேகை, மடிச்சு மடிச்சுத் தேய்ஞ்ச தாள்.

அப்ப, திங்கட்கிழமை கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போனது இந்தத் தாளைப் பார்க்கத்தான். துணிக்குழாய்க்கு முன்னாடியே. தூள் நிக்குமா நிக்காதான்னு யாருக்கும் தெரியாதப்பவே.

கிணத்தடியில பாத்திரம் விளக்கிக்கிட்டிருந்தா. போய்க் கேட்டேன். “விக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டு, ஏன் ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்த? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

நிமிரவே இல்லை. “சொல்லியிருந்தா தூளை நிறுத்தியிருப்பீகளா?”

சட்டம் இன்னும் நாலு மூலை பாக்கி. தும்மல் 2. சுவர்ல கோடு போடலை, நானே எண்ணினேன்.