ஒன்பது தப்படி ஹால்

14 ஆகஸ்ட் 2009, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் என் ஸ்டுடியோக் கடை வாசலில் கூட்டாளி யூனுஸ் நிற்கிறான். சிங்கப்பூரிலிருந்து நேற்றுத்தான் இறங்கினானாம். நான் சொல்லிவிட்டிருந்த லென்ஸை ஒரு கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பத்து முதல் இருபது எம்.எம்., அகலமாக எடுக்கிற லென்ஸ். மாட்டிப் பார்த்தேன். கடை முழுக்க வந்துவிட்டது, என் செருப்பு முனை உட்பட. "மண்டபத்த ஒரே படத்துல அடக்கிரலாண்டா அன்சாரு" என்றான். கூத்தாநல்லூரில் எந்த ஸ்டுடியோவிலும் இது இல்லை. கொஞ்சம் தலைக்கனம் வந்தது. இங்கே ஒத்துக்கொள்வதில் என்ன.

17 ஆகஸ்ட்

நன்னிலம் அமிர்தலிங்கம் அண்ணன் வயலில் பழகிப் பார்த்தேன். அண்ணாந்தால் தென்னைமரமெல்லாம் உள்பக்கம் சாய்கிறது. மட்டமாகப் பிடிக்க வேண்டும். கிட்டே இருப்பது பெருத்துவிடுகிறது, எட்ட இருப்பது இன்னும் எட்டப் போய்விடுகிறது. அண்ணனிடம் காட்டினேன். "நாலு மா நெலத்த நாப்பது மாவாக்கிட்டியே தம்பி. வி.ஏ.ஓ. பாத்தாருன்னா வரி போட்ருவாரு" என்று சிரித்தார்.

19 ஆகஸ்ட்

தங்கச்சி தஹ்மீனாவுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஆஸிம், பெற்றவர்களோடு சிங்கப்பூரில். எங்கள் பக்கம் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போதும் அங்கேதான். அதனால் பெண்ணைக் கேட்கும்போதே வீட்டையும் கேட்பார்கள். தரகு பேசும் சஃபியா மாமி, "வீட்ட நாலு படம் புடிச்சு ஈமெயில்ல அனுப்புப்பா. நீதான் படக்காரனாச்சே" என்றார்.

அத்தா அப்போது ஹாலில் நடந்துகொண்டிருந்தார். ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் இருபத்துநாலு வருஷம். திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் சுவருக்குச் சுவர் நடப்பார். "அங்க ரூம்ல நாலு தப்படி வச்சா சுவரு இடிக்கும். இங்க ஒம்போது. போதும்ல?" இதையும் தினமும் சொல்வார், இன்றைக்குத்தான் கண்டுபிடித்ததுபோல.

20 ஆகஸ்ட்

ஹாலின் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு வைத்து எடுத்தேன். சுவரெல்லாம் விலகி ஓடிவிட்டது. பள்ளிக்கூட ஹால் மாதிரி இருக்கிறது. "இது யாரு வீடுண்ணே?" என்றாள் தஹ்மீனா. அம்மா பயந்துவிட்டார், கண்ணு பட்டுரும் என்று.

ஓரமாக நாற்காலியில் அத்தா உட்கார்ந்திருந்தார். ஓரம் என்பதால் முகம் இழுபட்டுப்போயிருந்தது. அவரை வெட்டிவிட்டு அனுப்பினேன். சாதா லென்ஸில் இரண்டு எடுத்ததை அனுப்பவில்லை. ஏன்? அது நன்றாக இல்லை. அவ்வளவுதான்.

26 ஆகஸ்ட்

நாலாம் நோன்பு. வீடு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பெருநாள் கழித்து நேரில் வருகிறார்கள். ஆஸிம் தஹ்மீனாவிடம் போனில் பேசியிருக்கிறார். நோன்புக் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.

27 செப்டம்பர், ஞாயிறு

வந்தார்கள். அம்மா நேற்றிலிருந்து தூங்கவில்லை. ஆஸிமின் உம்மா சலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார், உட்கார்ந்தார், சுற்றிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "ஹால் எந்தப் பக்கம்?"

ஹாலில் உட்கார்ந்துதான் கேட்டார்.

அத்தாதான், "இதாம்மா" என்றார். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பிரியாணியில் பாதி அப்படியே இருந்தது.

28 செப்டம்பர்

எனக்குத் தெரியும். எடுக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதானடா அனுப்புன.

4 அக்டோபர்

சஃபியா மாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். "வீடு சின்னதுன்னா பரவால்லையாம். படத்துலயே பொய் சொல்ற எடத்துல வேணாங்குறாங்க."

தஹ்மீனா சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அவரு கடைசியா ஒண்ணு கேட்டாருண்ணே. எம் போட்டோவும் அந்த லென்ஸுல எடுத்ததான்னு." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துணி மடிக்கப் போய்விட்டாள்.

11 அக்டோபர்

அத்தா பழைய ஹோட்டலுக்குப் போன் போட்டிருக்கிறார். சமையல்கட்டில் ஆள் வேண்டுமாம், இரண்டு வருஷ ஒப்பந்தம். அத்தாவுக்கு வயது ஐம்பத்தாறு. அம்மா சட்டியை ணங்கென்று வைத்தார். "இந்த ரெண்டு வருஷந்தான் இந்த மனுசன் மொகத்த முழுசாப் பாத்தேன்."

நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். தப்பு என்னுடையது, நான் போகிறேன் அத்தா என்று. அவர் கோபப்படவே இல்லை. "பின்னாடி கொல்லப் பக்கம் சுவர எடுத்துட்டுப் பெருசாக் கட்டிரலாம். நம்ம அனுப்புன படம் பொய்யாயிருச்சுன்னு இருக்க வேணாம். மெய்யாக்கிருவோம்."

இந்த வார்த்தையை எப்படி வைத்துக்கொண்டு இருக்கப்போகிறேன்?

9 டிசம்பர்

திருச்சி ஏர்போர்ட். வழியெல்லாம் சம்பா பச்சை. அத்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே போகுமுன், "அந்தப் படம் நல்லாத்தாண்டா இருந்துச்சு. அதுல இருந்த வீடு எனக்கும் புடிச்சிருந்துச்சு" என்றார்.

கேமரா தோளில் இருந்தது. எடுக்கவில்லை.

6 ஜூலை 2010

பின்சுவரை இடித்தாயிற்று. வீட்டுக்குள் வெயில்.

20 மார்ச் 2011

ஹாலுக்கு டைல்ஸ் போட்டு முடிந்தது. தஹ்மீனாவுக்கு முத்துப்பேட்டையில் இடம் அமைந்திருக்கிறது. அவர்களுக்கு நான் வீட்டைப் படம் எடுத்து அனுப்பவில்லை; நேரிலேயே வந்து பார்த்தார்கள். ஜூனில் நிக்காஹ். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் அப்போதுதான் லீவு. அத்தாவுக்கு ஒப்பந்தம் டிசம்பர் வரை. பாஸ்போர்ட் ஹோட்டல்காரர்கள் கையில். லீவு கேட்டுப் பார்த்திருக்கிறார்; இல்லை என்றுவிட்டார்கள்.

12 ஜூன், ஞாயிறு

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. அத்தா இடத்தில் மாமா உட்கார்ந்தார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாகத் தொடாத அந்த லென்ஸை மாட்டினேன். ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி அளவு இடம் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை வெட்டவில்லை.

13 ஜூன்

காலி ஹாலைச் சாதா லென்ஸில் எடுத்து அத்தாவுக்கு அனுப்பியிருந்தேன். சாயங்காலம் அத்தா போன் செய்தார்.

"இது அந்த லென்ஸா?"

"இல்லத்தா. சாதா லென்ஸுதான்."

"அப்பச் சரி" என்றார். "நடந்து பாரு. சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கட்டும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்து சுவர் வரைக்கும் எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினாறு.

"உனக்கு நீளக் காலு. எனக்குப் பதினெட்டு வரும்" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் அவரும் நடக்க ஆரம்பித்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் எண்ணினேன். நாலு. நின்றது. திரும்பி, மறுபடியும் நாலு.